ஊசி பட்ட முகமும் பாரிவாக்கத்து மஞ்சளும்

தினேஷ்,

நீ போனை வைத்த பிறகும் நான் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டுதான் இருந்தேன். அந்தப் பக்கம் யாரும் இல்லை என்பது உங்கப்பா வந்து எட்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. "யார்கிட்ட சண்ட போட்டுகினு கீற?" என்று கேட்டார். உங்கள் பிள்ளையிடம்தான் என்றேன். "அவன் அப்பவே கட் பண்ணிட்டு போயிருப்பான், வுடு" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு டிவி பார்க்கப் போய்விட்டார். அப்பனும் பிள்ளையும் இந்த விஷயத்தில் நல்ல ஜோடி. பேசினால் பாதியில் வெட்டிவிட்டுப் போவாய். மெசேஜ் அனுப்பினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்பாய். அதனால்தான் சமையல் வேலையை அப்படியே போட்டுவிட்டுப் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். நாளைக் காலையில் உங்கப்பா அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் போகிறார். உன் ஆபீஸ் வாசலில் உன்னைக் கூப்பிட்டுக் கையில் கொடுப்பார். உறையை ஒட்டவில்லை. வழியில் அவர் படித்தாலும் படிக்கட்டும், உன் பக்கத்து சீட்டுக்காரன் படித்தாலும் படிக்கட்டும். ஒளித்து ஒளித்து நாம் பட்ட பாடு போதும்.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் கேட்டேனா என்று பார். "நித்யா சனிக்கிழம ஆவடிக்கு அவங்க அம்மா வீட்டுக்குப் போறா. தல தீபாவளி வேலைக்கு முன்னாடியே வரச் சொல்லிட்டாங்க. அவ போனதும் நான் கிளினிக் போய் ரெண்டாவது சிட்டிங் முடிச்சிடறேன். நான் ஆவடி போறதுக்குள்ள மூஞ்சி நார்மலாயிடும். நீ யார்கிட்டயும் வாயத் தொறக்காத." இவ்வளவுதானே? இத்தனையையும் ஒரே மூச்சில் சொன்னாய். நீ எப்படி இருக்கிறாய் அம்மா என்று கேட்க மட்டும் மூச்சு பற்றவில்லை. போகட்டும். நேற்று நித்யா எனக்குப் போன் பண்ணி ஒன்று கேட்டாள். அது என்ன என்று இப்போதே சொல்ல மாட்டேன். சொன்னால் மீதியைப் படிக்காமல் பாக்கெட்டில் மடித்து வைத்துவிடுவாய், பெற்றவளுக்குத் தெரியாதா. வரிசையாகப் படித்துக்கொண்டு வா.

முகத்தில் ஊசி போட்டுக்கொள்வதை நான் எதிர்க்கவில்லை, அதை முதலில் தெரிந்துகொள். உன் முகத்தில் எனக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லைதான், ஆனால் அது என் கண். ப்ளஸ் டூ படிக்கும்போது பொங்கிப் பொங்கி வந்த பருவெல்லாம் கன்னத்தில் பள்ளம் பள்ளமாக விட்டுப்போனதும், போட்டோ என்றாலே நீ ஒரு பக்கமாகத் திரும்பி நிற்பதும் எனக்குத் தெரியும். நிச்சயதார்த்தத்தில் அந்த போட்டோக்காரர், "ப்ரோ, கவலையே படாதீங்க, கன்னத்த எடிட்ல வழவழன்னு ஆக்கிடலாம்" என்று பெண் வீட்டார் முன்னாலேயே சொன்னார். நீயும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தாய். காது மட்டும் குப்பென்று சிவந்துபோயிற்று. அந்த ஆளை நாலு வார்த்தை கேட்டிருப்பேன், சபை நடுவில் வேண்டாமே என்று விட்டேன். அதற்கப்புறம்தான் நீ அந்தக் கிளினிக்கைத் தேடிப் போனாய், எங்கள் யாரிடமும் சொல்லாமல்.

பேனா மாதிரி ஒரு கருவி, அதன் நுனியில் கண்ணுக்கே தெரியாத ஊசிகள், அதை முகம் முழுக்க ஓட்டினால் பொடிப்பொடியாகத் துளை விழும், தோல் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும்போது பள்ளம் மேலெழும்பும் என்று பின்னால் நீயே எனக்கு விளக்கினாய். எனக்கு அது புரியாத விஷயமே இல்லை. எக்ஸ்போர்ட் கம்பெனியில் இத்தனை வருஷம் மெஷின் முன்னால் உட்கார்ந்தவள் நான். மெல்லிசுத் துணியில் தையலைப் பிரித்தால் ஊசி போன இடமெல்லாம் பொட்டுப் பொட்டாகத் தெரியும். அந்த நேரம் அதைத் தேய்க்கக்கூடாது, இழுக்கக்கூடாது, கறை பக்கம் கொண்டுபோகக்கூடாது. சும்மா விட்டால் இழை தானாக வந்து சேர்ந்துகொள்ளும். இதை நீ என்னிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தால் உன் தலையணை உறையிலிருந்து உன் அத்தையின் கை வரைக்கும் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். நீயோ கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு வந்து, "பைக்ல வெயில்மா, செம காட்டு காட்டிடுச்சு" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். நான் ஒரு பைத்தியக்காரி, மோர் கரைத்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

அது வெள்ளிக்கிழமை. நலங்கு ஞாயிற்றுக்கிழமைதானே, அதற்குள் ஆறிவிடும் என்று நீ நினைத்திருக்கிறாய். உன் அத்தை காலண்டரைப் பார்த்தாள். ஞாயிறு நாள் சரியில்லை, இன்றைக்குச் சாயங்காலமே வைத்துவிடலாம் என்று எனக்குப் போன் பண்ணினாள். உங்கப்பாவுக்கு மூத்தவள், வீட்டுக்கு முதல் பெண், நலங்கில் முதல் கை அவளுடையது. நான் சரி அண்ணி என்றேன். எனக்கென்ன தெரியும், மேலே ஒருத்தன் முகத்தைப் பொத்தலாக்கிக்கொண்டு படுத்திருக்கிறான் என்று?

பாரிவாக்கத்தில் அவர்கள் வீட்டுக்கு நாலு பக்கமும் அபார்ட்மென்ட் வந்துவிட்டது. ஆனாலும் கிணற்றோரம் இருக்கிற துண்டு மண்ணில் உன் கல்யாணத்துக்கென்றே மஞ்சள் வைத்திருந்தாள் உன் அத்தை. அதை வேகவைத்துக் காயவைத்து, மிக்ஸியில் போடாமல் கல்லில் உரசி, சந்தனத்தோடு குழைத்து, ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் மூடி எடுத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். மனையில் உன்னை உட்கார வைத்தபோது கூடம் நிறையப் பெண்கள். உன் கண் என்னைத் தேடியது. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, நீ ஏதோ சொல்ல வாயெடுத்தாய். சுற்றி இருந்தவர்களைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாய். மாப்பிள்ளைப் பையன் அழகுக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்திருக்கிறான் என்று தெரிந்தால் சிரிப்பார்கள் என்ற பயம். உன் அத்தை இரண்டு கையிலும் மஞ்சளை அள்ளி, சின்ன வயதில் உன்னைக் குளிப்பாட்டியபோது தேய்த்த அதே தேய்ப்பு, நெற்றியில் தொடங்கிக் கன்னத்தில் அழுத்தி ஒரு இழு இழுத்தாள்.

நீ போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. அலறியதோடு நின்றாயா, அவள் கையைத் தட்டிவிட்டாய். கிண்ணம் உருண்டு போய்ச் சுவரில் மோதி நின்றது. "இன்னாடா இது? அத்த கை ஒனக்கு அவ்ளோ அசிங்கமா பூட்ச்சா?" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை தினேஷ், அதுதான் என்னை ஆட்டிவிட்டது. நீ பாத்ரூமுக்குள் ஓடினாய். பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் உன் பின்னால் ஓடினேன்.

உள்ளே குழாயைத் திறந்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்து நின்றாய். முகம் ரத்தச் சிவப்பு, அதன் மேல் மஞ்சள், துளைக்குள் துளைக்குள் இறங்கிப் புள்ளி புள்ளியாக. அப்போதுதான் விஷயத்தைச் சொன்னாய், பாதி அழுகை பாதி கத்தல். மஞ்சள் கறை என்றால் எண்ணெய் என்று கைக்குப் பழக்கம். தேங்காய் எண்ணெயை எடுத்து உன் கன்னத்தில் பூசித் துடைத்தேன். அது துணிக்கு. ஊசி பட்ட தோலுக்கு அல்ல. நீ துடித்த துடிப்பில் என் கையிலிருந்த பாட்டிலே விழுந்துவிட்டது. அப்புறம்தான் உன் போனில் கிளினிக்குக்குப் பேசினேன். எடுத்த பெண் சின்னக் குரலில், ஆனால் கறாராகச் சொன்னாள். "அம்மா, முதல்ல கைய நல்லா சோப்பு போட்டுக் கழுவுங்க. எதையும் தேய்க்காதீங்க. காய்ச்சி ஆறின தண்ணிய மெதுவா ஊத்துங்க, அவர்கிட்ட நாங்க குடுத்த ஃபேஸ்வாஷ் இருக்கும், அத மட்டும் விரல் நுனியால. சுத்தமான துணிய ஒத்தி எடுங்க. மஞ்சள் முழுசா போகலேன்னாலும் விட்டுடுங்க. நாளைக்குக் காலைல டாக்டர் பார்க்கட்டும். சீழ் வச்சாலோ காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காதீங்க." அவள் சொன்ன ஒவ்வொன்றையும் உனக்கு ஏற்கெனவே சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள். முகத்தில் எதையும் போடாதே என்று டாக்டர் சொன்னபோது தலையாட்டிவிட்டு வந்தவன்தானே நீ.

நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே வெளியே அத்தை பையை எடுக்கிற சத்தம் கேட்டது. நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாய், கல்யாணம் பண்ணப்போகிற ஆள். "அம்மா, சொல்லாதம்மா. நித்யா வீட்டுக்குப் போய்டும். மானம் போய்டும்மா." அத்தை அந்த வாசலைத் தாண்டியிருந்தால் இந்தக் கல்யாணத்துக்கு வந்திருக்க மாட்டாள். அவள் வராத கல்யாணத்தில் உங்கப்பா மணவறைப் பக்கம் நிற்க மாட்டார். அது உனக்குத் தெரியவில்லை. உன் கன்னம்தான் உனக்குத் தெரிந்தது.

நான் ஓடிப்போய் கேட்டுக்குப் பக்கத்தில், தண்ணீர் டிரம் மறைவில், அவள் கையைப் பிடித்து உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். அவள் தன் இரண்டு உள்ளங்கையையும் திருப்பிப் பார்த்தாள், மஞ்சள் காய்ந்து ஒட்டிக்கிடந்தது. "அய்யோ, பச்சப் புண்ணுலயா தேச்சேன்? கொயந்த எப்டி துடிச்சிருக்கும்" என்றாள். அவ்வளவுதான். பையைக் கீழே வைத்தாள், நேராகக் கூடத்துக்குப் போனாள். "யாரும் ஒண்ணும் நெனச்சிக்காதீங்கமா. புள்ளைக்கு மஞ்ச ஆவாது. சின்னதுலேர்ந்தே அலர்ஜி. எனக்குத் தெரியும், நாந்தான் கல்யாண குஷில மறந்துட்டேன். தப்பு எம்மேலதான்" என்று சொல்லி, உருண்டு கிடந்த கிண்ணத்தை அவளே எடுத்துத் துடைத்தாள். நீ தட்டிவிட்ட கை அது. நீ பாத்ரூமுக்குள் இருந்தாய், பார்க்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அதற்கப்புறம் தாலி கட்டுகிற வரைக்கும் நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தேன். சனிக்கிழமை டாக்டர் பார்த்துவிட்டுக் களிம்பும் மாத்திரையும் கொடுத்தார். மறுநாள் இடது கன்னத்தில் சின்னச் சின்னதாகச் சீழ்க் கொப்புளம். நீ கண்ணாடி முன்னால் போகிறபோதெல்லாம் நான் பின்னால் வந்து நின்றேன், கிள்ளிவிடுவாயோ என்று. தலையணை உறையைத் தினமும் வெந்நீரில் போட்டு வெயிலில் உலர்த்தினேன். மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார்தான் வேண்டும் என்று உன் நண்பர்கள் கூட்டம் பிடிவாதம் பிடித்தபோது, சாயங்காலமானாலும் வெயில் வெயில்தான் என்று அத்தை குடையோடு உன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "இன்னா மாமே, மாப்ளைக்கு பாடிகார்டா?" என்று உன் கூட்டாளி கிண்டல் பண்ணினான். மேக்கப் போட வந்த ஆள் பஞ்சும் பவுடருமாக உன்னை நெருங்கியபோது நான் போட்ட போட்டில் அவர் பெட்டியை மூடிவிட்டார். ஓமப் புகை உன் பக்கம் அடிக்கும்போதெல்லாம் எனக்கு இங்கே பொசுங்கியது. மந்திரம் ஒன்றுகூட என் காதில் விழவில்லை. உன் கன்னத்தில் வேர்வை வழிகிறதா, நீ அங்கவஸ்திரத்தால் துடைக்கிறாயா என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஒரே பிள்ளையின் கல்யாணத்தை நான் இப்படித்தான் பார்த்தேன். கொப்புளம் அடங்கிவிட்டது. ஆனால் அத்தை கை பட்ட இடத்தில் கருப்பு நின்றுவிட்டது. இப்போது நீ இரண்டாவது தடவை போவது அந்தக் கருப்புக்கும் சேர்த்துத்தான்.

போ. ஆனால் ஒழுங்காகப் போ. தீபாவளி முடிந்த பிறகு போ. போவதற்கு முன்பே உன் ஹெல்மெட்டைக் கழுவு. அந்த உள் பஞ்சில் எத்தனை நாள் வேர்வை ஊறிக்கிடக்கிறதோ, அது முதலில் உன் கன்னத்தைத்தான் தொடும். ஊசி போட்ட அன்று கையால் முகத்தைத் தடவிக்கொண்டே இருக்காதே, போனைக் கன்னத்தில் அழுத்திப் பேசாதே. டாக்டர் கொடுத்ததைத் தவிர வேறு எந்தப் பாட்டிலையும் திறக்காதே, வீட்டில் நீ அடுக்கி வைத்திருக்கிற சீரமெல்லாம் டாக்டர் சொல்கிற நாள் வரைக்கும் அலமாரியிலேயே இருக்கட்டும். ஷேவிங் வேண்டாம், தாடியோடு இருந்தால் உலகம் ஒன்றும் முழுகிப்போகாது. ஜிம்மும் வேண்டாம். தோல் சொரசொரவென்று உரியும், அரிக்கும், பிய்க்கத்தான் கை போகும். பிய்க்காதே. வெளியே போனால் சன்ஸ்கிரீன், எப்போதிலிருந்து போடலாம் என்று டாக்டரிடமே கேட்டுக்கொள். மதுரவாயல் பைபாஸ் புழுதியில் உச்சிவெயிலில் பைக் ஓட்டாதே. இவ்வளவையும் ஒரு வீட்டுக்குள் இருக்கிற இன்னொரு ஆளுக்குத் தெரியாமல் செய்ய முடியுமா? சிவந்த முகத்தைக் கூட இருப்பவளிடம் எந்தக் கைக்குட்டையால் மூடுவாய்? அதனால்தான் அவள் ஊருக்குப் போகிற நாளாகப் பார்த்து வைத்திருக்கிறாய். ஆறிவிடும் என்று போன தடவையும் இதே நம்பிக்கையில்தான் இருந்தாய். தீபாவளி விடியலில் உன் மாமியார் எண்ணெயும் சீயக்காயுமாக மனை போட்டு உட்கார வைத்தால் என்ன செய்வாய்? மறுபடி தட்டிவிடுவாயா? இந்தத் தடவை காப்பாற்ற அங்கே உன் அத்தை இருக்க மாட்டாள்.

இப்போது உன் அத்தை சொன்ன அந்த ஒரு பொய்க்கு வருகிறேன். கல்யாண மண்டபத்தில் அது நம் கையை விட்டுப் போய்விட்டது. உன் மாமியார் காதில் யாரோ போட, அவர் பதறிக்கொண்டு வந்து என்னிடம், "சம்பந்தி, மாப்பிள்ளைக்கு மஞ்சள் ஆகாதாமே, சாப்பாட்டுலயும் ஆகாதா?" என்று கேட்டார். நான் என்ன சொல்ல, கொஞ்சம் பார்த்துப் போடுங்கள் என்று முனகினேன். அந்த அம்மா என்ன செய்கிறார் தெரியுமா? உனக்கென்று தனியாக மிளகாய்த்தூள் அரைக்கிறார். மில்லில் முன்னால் அரைத்தவர்களின் மஞ்சள் ஒட்டியிருக்குமாம், மெஷினைக் கழற்றித் துடைக்கச் சொல்லி நின்று அரைத்து வாங்குகிறாராம். நீயும் அந்த வெளுத்துப்போன சாம்பாரை வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வருகிறாய். இங்கே வந்தால் மட்டும் என் கையால் மஞ்சள் போட்ட மீன் குழம்பை இரண்டு தட்டு வழித்துச் சாப்பிடுகிறாய், நித்யா பார்க்காத நேரமாகப் பார்த்து.

ஆயுத பூஜைக்கு நீங்கள் இரண்டு பேரும் வந்திருந்தீர்களே, அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரியாது. நீ பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தாய். நித்யா குனிந்து கோலம் போடும்போது தாலிக் கயிறு வெளியே வந்து தொங்கியது. நான் பார்த்தேன், அத்தையும் பார்த்தாள். கல்யாணத்தன்று மஞ்சளாக மின்னிய கயிறு, பழைய நாடா மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. அத்தைக்குப் பொறுக்கவில்லை. "இன்னாமே இது, தாலிக் கவுறு இப்டியா வச்சிக்கறது? குளிச்சதும் ஒரு இழு மஞ்ச தேய்க்கறதுக்கு ஒனக்கு இன்னா நோவு?" என்று சத்தம் போட்டாள். அந்தப் பெண் நிமிர்ந்து, கோபப்படாமல், "அவருக்கு ஆகாதுல்ல அத்தை, பக்கத்துல படுக்கறப்போ பட்டுடுச்சுன்னா? அதான் தேய்க்கறதில்ல" என்றாள். அன்றைக்கு உன் அத்தை சாப்பிடவே இல்லை. போகும்போது என்னிடம், "நா அன்னிக்கு வாய்க்கு வந்தத சொல்லிட்டேன். அத நம்பிக்கினு அந்தப் பொண்ணு கவுத்த வெளுக்க வுட்டுகீதே. நா எந்த மூஞ்சிய வச்சிகினு இனி இந்த ஊட்டுக்கு வருவேன்?" என்று அழுதாள். உன்னிடம் சொல்லச் சொன்னாள். சொல்லலாம் சொல்லலாம் என்று நான்தான் பண்டிகை வேலையில் தள்ளிப்போட்டேன்.

நேற்று நித்யா பேசினாள். குரலே சரியில்லை. "அத்தை, ஒண்ணு கேக்கட்டா, திட்ட மாட்டீங்களே?" என்று ஆரம்பித்தாள். கேளும்மா என்றேன். "தல தீபாவளிக்கு எங்க சொந்தக்காரங்க எல்லாரும் வருவாங்க. கயிறு இப்படி இருந்தா எங்க அம்மாவத்தான் அத்தை பேசுவாங்க. அன்னிக்கு ஒரு நாள் மட்டும் மஞ்சள் தேய்ச்சுக்கட்டுமா? அவர் பக்கத்துலயே போகாம நான் தள்ளி இருந்துக்கறேன்."

தல தீபாவளிக்குப் புருஷனை விட்டுத் தள்ளி இருந்துகொள்கிறேன் என்று மாமியாரிடம் அனுமதி கேட்கிறாள்டா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? அடுப்பில் பால் பொங்குகிறது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேசுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை ஒன்றும் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இதற்கு அப்புறம்தான் நீ கூப்பிட்டு, யாரிடமும் வாயைத் திறக்காதே என்று எனக்கு உத்தரவு போடுகிறாய்.

உன் முகத்தில் பள்ளம் இருப்பது நிச்சயம் பண்ணும்போதே அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் வந்தாள். அதைச் சரிபண்ண ஊசி போட்டுக்கொண்டாய் என்று தெரிந்தால் சிரிப்பாளோ என்று உனக்குப் பயம். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகிறாள், கட்டிக்கொண்டவள்தானே. அவள் கழுத்தில் நீ கட்டியதை உனக்காகவே வெளுக்க விட்டிருக்கிறாள். இன்னும் எத்தனை நாளைக்கு அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பாய்?

நாளைச் சாயங்காலம் அவள் பேசும்போது என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. தேய்ச்சுக்கம்மா, தினமும் தேய்ச்சுக்க என்பேன். ஏன் அத்தை என்று கேட்பாள். அந்த ஏனுக்கு நான் வாயைத் திறக்க மாட்டேன், நீதான் கேட்டுக்கொண்டாயே. அதற்குள் நீ சொல்லியிருக்க வேண்டும். ஆபீஸில் பர்மிஷன் போட்டுவிட்டு நேராக வானகரத்துக்கு, உங்கள் வீட்டுக்குப் போ. போனில் சொல்லாதே, முகத்தைக் காட்டிச் சொல்.

இந்தக் கடிதத்தோடு உங்கப்பா ஒரு பொட்டலம் தருவார். உன் அத்தை கொடுத்தனுப்பியது, உன் கல்யாணத்துக்கு வைத்த மஞ்சளில் மிச்சம். உன் முகத்துக்கு இல்லை, பயப்படாதே. அதைப் பிரித்து உன் கையாலேயே கொஞ்சம் குழைத்து அந்தக் கயிற்றில் தேய்த்துவிடு. மஞ்சளை உன் கையில் பார்த்ததும் அவள் பதறிப்போவாள், அய்யோ உங்களுக்கு ஆகாதே என்று உன் கையைத் தட்டிவிடப் பார்ப்பாள். கையை எடுக்காதே.

அம்மா
திருமுல்லைவாயில்